எண்ணூறு சீசீக் கன்னுக்குட்டி

முனியாண்டி ஏத்தத்தைப் பற்றி என்னிடம் நல்ல வார்த்தை எதிர்பார்க்காதீர்கள். மூன்று வருஷமாக அதைத் திட்டிக்கொண்டே ஏறியவள் நான். பசறையிலிருந்து மடுல்சீமை பஸ்ஸில் வந்து தோட்டத்துச் சந்தியில் இறங்கி, அங்கிருந்து மேல் டிவிசன் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும். முதல் பாதிப் பாதை சாது. தேயிலைக்கு நடுவே வளைந்து நெளிந்து போகும். பிறகு முனியாண்டி கோயில் வரும். கோயில் என்றால் ஒரு மரம், ஒரு கல், இரண்டு வேல், மேலே ஒரு தகரம், அவ்வளவுதான். அதைத் தாண்டியதும் பாதைக்குப் புத்தி கெட்டுவிடும். ஏணியைச் சுவரில் சாத்திய மாதிரி நிமிர்ந்துகொள்ளும். கையில் செருப்பும் தோளில் பையுமாகச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நான் அதில் ஏறுகிற அழகைப் பார்த்து என் வகுப்புப் பிள்ளைகள் வரிசையாக நின்று சிரிப்பார்கள். மார்க் குறைத்துவிடுவேன் என்று மிரட்டியும் பிரயோசனம் இல்லை.

அதனால்தான் நிரோஜா கார் வாங்கிவிட்டாள் என்று கேள்விப்பட்ட அன்று நான் வாய்விட்டுச் சிரித்தேன். இனி என் கால் தப்பித்தது என்று நினைத்தேன்.

நிரோஜாவுக்கு என் வயதுதான். மேல் டிவிசனில் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிறந்தவள். பத்தாம் வகுப்போடு கட்டுநாயக்காவில் கார்மண்ட்டுக்குப் போய், பல வருஷம் தையல் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்து, ஒருநாள் “போதும், என் கழுத்து வேற யாருக்கும் சொந்தமில்ல” என்று பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்தவள். திரும்பி வந்ததும் கொழுந்து பறிக்கப் போகவில்லை. “மேல இருந்து கீழ போறதுக்கு நம்மகிட்ட ஒரு வண்டி இல்ல. அத நான் ஓட்டுறேன்” என்றாள். லயம் முழுக்கச் சிரித்தது. அவள் அம்மா ரெங்கம்மா மட்டும் சிரிக்கவில்லை. ஓய்வு பெற்றபோது கைக்கு வந்த சேமலாபப் பணத்தை அப்படியே மகளிடம் கொடுத்துவிட்டு, அடுத்த நாளே கைக்காசுக்காகப் பழையபடி மலைக்குக் கொழுந்து பறிக்கப் போய்விட்டார். அந்த அம்மாவின் குணம் அப்படி. பேச்சுக் குறைவு, செய்கை கூட.

அவளுக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தது தம்பையா அண்ணன். தோட்டத்துக் கொழுந்து லொறியின் டிரைவர். நிரோஜாவுக்கு மாமா முறை. இந்த மலையில் அவருக்குத் தெரியாத வளைவு கிடையாது. லொறியை அவர் ஏத்தத்தில் எடுத்துப்போகும் விதமே தனி. முனியாண்டி கோயிலுக்கு முன்னால் நிறுத்துவார். இறங்கிச் சூடம் கொளுத்துவார். பிறகு எஞ்சினை அதட்டாமல், ஹார்ன் அடிக்காமல், பாட்டை அணைத்துவிட்டு மெல்ல மேலே ஏற்றுவார். அது அவர் வழக்கம் மட்டுமல்ல, தோட்டத்து வழக்கம். முனியைக் கடக்கும்போது சத்தம் ஆகாது. டிராக்டரானாலும் தோட்டத்துத் துரையின் ஜீப்பானாலும் அங்கே நின்று, கும்பிட்டு, அடக்கமாகத்தான் போக வேண்டும். தம்பையா அண்ணனின் பாடமும் அதுவே.

“மொத கியரு வண்டி நகர்றதுக்கு மட்டுந்தான் புள்ள. நகர்ந்துச்சுன்னா ஒடனே ரெண்டாவதப் போடு. எஞ்சின் மொனகணும், கத்தக்கூடாது. கத்துச்சுன்னா அதுக்கு வலிக்குதுன்னு அர்த்தம்.”

இதை நிரோஜா வேதமாக எடுத்துக்கொண்டாள். பதுளையில் லைசன்ஸ் எடுத்தாள். இந்தியாவிலிருந்து வந்த பழைய சின்னக் கார் ஒன்றை, நீலம் மங்கிப்போன நிலையில், எண்ணூறு சீசீ என்று சொல்லி வாங்கினாள். மாலை போட்டு, சந்தனம் பூசி, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து மேலே கொண்டுவரப் புறப்பட்டாள். முன் சீட்டில் ரெங்கம்மா. லயத்துச் சனம் மேலே காத்திருந்தது. நானும் வகுப்பை விட்டுவிட்டு எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கார் முனியாண்டி கோயிலில் நின்றது. சூடம் கொளுத்தினாள். அடக்கமாகப் புறப்பட்டாள். முதல் கியர், உடனே இரண்டாவது. கார் முதல் வளைவு வரைக்கும் போனது. குளிரில் நடுங்குகிற ஆளைப் போல உடம்பெல்லாம் ஆடியது. டொக் என்று நின்றுவிட்டது.

மறுபடியும் எடுத்தாள், மறுபடியும் நின்றது. பின்னால் உருண்டுவிடாமல் இருக்கச் சக்கரத்துக்குக் கல் வைத்தார்கள். கடைசியில் தம்பையா அண்ணன் லொறியைக் கொண்டுவந்து, காரைக் கயிற்றில் கட்டி இழுத்தார். லொறி முனகிக்கொண்டு முன்னால் போக, மாலை போட்ட சின்னக் கார் பின்னால் தலையை ஆட்டி ஆட்டி வந்தது. “அம்மாப் பசு வருது, கன்னுக்குட்டி வருது!” என்று என் வகுப்புப் பிள்ளைகள்தான் முதலில் கத்தினார்கள். அன்றிலிருந்து அதற்குப் பெயர் கன்னுக்குட்டி.

அதற்குப் பிறகு எத்தனை தடவை முயன்றாலும் அதே கதைதான். ஆளில்லாமல் வந்தால்கூட முதல் வளைவில் நின்றுவிடும். பெட்ரோலில் கலப்படம் என்றார்கள். கண்ணேறு என்றார்கள். பதுளையில் மெக்கானிக் றிஸாத் பாஸின் கராஜுக்குக் கொண்டுபோனாள். அவர் எஞ்சினைத் திறந்து, கேட்டு, டவுனுக்குள் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்து, “தங்கச்சி, இதுல ஒரு கொறையும் இல்ல. இப்படி ஒரு எஞ்சின் கிடைச்சா நானே வாங்குவேன்” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

எல்லாரையும் தாண்டியது நிரோஜாவின் தம்பி கிரிஷாந்தனின் விளக்கம். அவன் பண்டாரவளையில் மரக்கறி மொத்தக் கடையில் வேலை செய்கிறவன். எதைப் பார்த்தாலும் தராசில் வைத்துத்தான் பார்ப்பான்.

“எண்ணூறு சீசீன்னா எண்ணூறு கிலோ இழுக்கும், அவ்வளவுதான். காரே அறுநூத்தம்பது கிலோ. மிச்சம் நூத்தம்பது. ரெண்டு பேரு ஏறுனா முடிஞ்சுது கணக்கு. இதுல எங்க ஆளேத்தி ஹயர் ஓடுறது?”

கோளாறான கணக்கு. ஆனால் அவன் சொன்ன தோரணையில் லயமே தலையாட்டியது. நான் விஞ்ஞானம் படித்தவள். அது தப்பு என்று எனக்குத் தெரியும். சரி எது என்று கேட்டால், படித்த சூத்திரம் வாயில் வருமே தவிர, அதை வைத்து அந்தக் காரை ஓரடி நகர்த்த எனக்குத் தெரியாது. அதனால் நானும் வாயை மூடிக்கொண்டேன். நிரோஜா காலையில் சந்தியிலிருந்து முனியாண்டி கோயில் வரைக்கும் என்னை ஏற்றிவந்து இறக்கிவிடுவாள். பாதிக் கால் தப்பியது. மீதிப் பாதிக்குப் பழைய திட்டுத்தான்.

பிறகுதான் ரெங்கம்மா விழுந்தார். மழை பெய்த மலையில் கால் வழுக்கி, கொழுந்துக் கூடையோடு உருண்டு, தொடை எலும்பு முறிந்துபோனது. கார் கீழே இருந்ததால் கொழுந்து லொறியில் சாக்குகளுக்கு நடுவே படுக்கவைத்து இறக்கினார்கள். ஒவ்வொரு குழிக்கும் அவர் அலறிய அலறல் பள்ளிக்கூடம் வரைக்கும் கேட்டது. பதுளை ஆஸ்பத்திரியில் தகடு வைத்தார்கள். வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போகலாம், ஆனால் கால் குலுங்கவே கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். ஆகவே லொறி ஆகாது. கயிற்றில் கட்டி வெடுக் வெடுக்கென்று இழுப்பதும் ஆகாது. மிச்சம் இருந்தது நாற்காலி.

மேல் டிவிசனில் அந்த நாற்காலியை அறியாதவர் இல்லை. லயத்துப் பெரிய கோயில் மண்டபத்தில் கிடக்கிற கனத்த மர நாற்காலி. இரண்டு பக்கமும் மூங்கில் கட்டியிருக்கும். நோயாளிகளையும் பிள்ளைத்தாய்ச்சிகளையும் அதில் உட்காரவைத்து நாலு பேர் தோளில் தூக்கிக்கொண்டு போவார்கள். நிரோஜாவின் அப்பாவையும் நெஞ்சு வலி வந்தபோது அதில்தான் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். சந்திக்குப் போய்ச் சேரவில்லை. முனியாண்டி கோயிலடியில் இறக்கி வைத்தபோது மூச்சு இல்லை. எங்கள் குடும்பத்தில் இனி யாரும் அந்த நாற்காலியில் உட்காரமாட்டோம் என்று ரெங்கம்மா அன்றைக்கே சொல்லிவிட்டார். மகளுக்குக் கார் வாங்கப் பணம் கொடுத்தது எதற்கு என்று இப்போது புரிகிறதா?

புதன்கிழமை காலை நிரோஜா இதை எனக்குச் சொல்லிக்கொண்டே காரை ஓட்டினாள். அழவில்லை.

“அம்மா என்னையத்தான் பார்த்துச்சு டீச்சர். ‘வண்டி ஏறுமாடி?’ன்னு கேட்டுச்சு. ஏறும்மான்னு சொல்லிட்டேன். தம்பி என்னடான்னா, வெள்ளிக்கிழமையும் நின்னுருச்சுன்னா பசறையில வண்டி வாங்கி விக்கிற புஹாரி நானாவுக்கு வித்துருவேன்னு நிக்கிறான். அவனத் தப்புச் சொல்லவும் முடியல.”

கோயிலடிக்கு வந்ததும் மழை பிடித்துக்கொண்டது. குடையைப் பறிக்கிற காற்று. நடக்க முடியாது. இருவரும் காருக்குள்ளேயே உட்கார்ந்தோம். நான் என் பையை மடியில் வைத்துக்கொண்டு அன்றைக்கு நடத்த வேண்டிய பாடத்துக்கான சாமான் நனைந்துவிட்டதா என்று பார்த்தேன். பசறை மருந்துக்கடையில் வாங்கிய ஊசியில்லாத சிரிஞ்சுகள். ஒன்று பெரியது, ஐம்பது. ஒன்று சின்னது, பத்து. கனவளவு பாடத்துக்கு.

நிரோஜா சின்னதை எடுத்து இழுத்துப் பார்த்தாள்.

“நர்ஸம்மா அஞ்சு சீசீ போடுன்னு சொல்லுவாங்களே, அதா இது?”

“அதுதான்.”

“அப்ப என் காரு எண்ணூறு சீசீங்கிறது?”

“அதும் இதேதான். எஞ்சினுக்குள்ள சிலிண்டர்னு இருக்கு இல்லையா? அது இந்தக் குழாய் மாதிரி. உள்ள பிஸ்டன், இந்தத் தண்டு மாதிரி ஏறி எறங்கும். எறங்குறப்ப காத்தையும் பெட்ரோல் ஆவியையும் உள்ள இழுக்கும். அது இழுக்குற எடம் எவ்வளவோ அதுதான் சீசீ. உங்க காருல மூணு சிலிண்டர். மூணும் ஆளுக்கு ஒரு தரம் இழுத்தா மொத்தம் எண்ணூறு.”

சொல்லும்போதே எனக்கு உடம்பு சிலிர்த்தது. வெட்டுமுகப் பரப்பு, பிஸ்டன் ஓடும் தூரம், சிலிண்டர் எண்ணிக்கை, மூன்றையும் பெருக்கு என்று மனப்பாடம் செய்து பரீட்சை எழுதியவள் நான். அந்தச் சூத்திரம் என் காலடியில், இந்த பானட்டுக்குக் கீழே, சூடாக இருந்துகொண்டிருக்கிறது என்று ஒருநாளும் தோன்றியதில்லை. கிரிஷாந்தனின் கிலோக் கணக்கைப் பார்த்துச் சிரித்தேனே, நான் மட்டும் என்ன கிழித்தேன்?

நிரோஜா பின்னால் கையை நீட்டினாள். ரேடியேட்டருக்காக வைத்திருந்த தண்ணீர்க் கேனைத் திறந்தாள். என் பிளாஸ்கின் மூடியையும், ஏறக்குறைய அதே அளவான அவளுடைய தேத்தண்ணிக் கோப்பையையும் டாஷ்போர்டில் வைத்தாள்.

“பெரிசு உங்களுக்கு, சின்னது எனக்கு. யாரு மொதல்ல நெரப்புறதுன்னு பார்ப்போம்.”

“இது என்ன நியாயம்? நான்தான் ஜெயிப்பேன்.”

“பார்ப்போம்னு சொன்னேன்ல?”

நான் இழுத்தேன். ஐம்பதின் தண்டு கெட்டி. மெதுவாகத்தான் வந்தது. ஆனால் நாலு இழுவையில் மூடி நிரம்பிவிட்டது. அவள் அதற்குள் நாலு இழுத்து, கோப்பையின் அடியை மட்டும் நனைத்திருந்தாள். நான் கெக்கலி கொட்டினேன்.

“இன்னொரு தரம்,” என்றாள். “நீங்க லொறி மாதிரி அதே மெதுவுல இழுங்க. நான் என் இஷ்டத்துக்கு.”

இந்தத் தடவை அவள் கை கார்மண்ட் கையாக மாறியது. சின்னச் சிரிஞ்சு கேனுக்கும் கோப்பைக்கும் நடுவே ஊசி மாதிரி பறந்தது. கீச் கீச் கீச் என்று அது கத்தியது. சேலையெல்லாம் தண்ணீர். நான் நாலாவது இழுவையை ஊற்றும்போது அவள் கோப்பை வழிந்துகொண்டிருந்தது.

“டீச்சர்!” என்று கத்தினாள். “தோக்கல! சின்னது தோக்கல! வேகமா இழுத்தா போதும்! கத்துனாலும் பரவால்ல, இழுக்கணும்!”

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். மழைச் சத்தத்துக்கு நடுவே பாதையில் லொறி முனகிக்கொண்டு வந்தது. தம்பையா அண்ணன், வழக்கம்போல் கையில் கயிற்றுடன், எங்களை இழுத்துப்போக வந்திருந்தார். நிரோஜா கண்ணாடியை இறக்கினாள்.

“மாமா, லொறி எத்தன சீசீ?”

“மூவாயிரத்தி அறுநூறு,” என்றார் அவர், தன் பிள்ளையின் மார்க்கைச் சொல்கிற தகப்பனைப் போல. “நாலு சிலிண்டரு. ஏன் கேக்குற?”

நான் மனக்கணக்குப் போட்டேன். நாலால் வகுத்தால் ஒரு சிலிண்டருக்குத் தொள்ளாயிரம்.

“நிரோஜா! அந்த லொறியோட ஒத்த சிலிண்டருக்குள்ள உங்க காரு எஞ்சின் முழுசும் அடங்கிரும்!”

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. “நான் லொறி ஓட்டக் கத்துக்கிட்டு கன்னுக்குட்டிய ஓட்டிருக்கேன் மாமா! லொறி ஒரு இழுவைக்கு அண்டாவால மொள்ளுது. அது மெதுவா சுத்துனாலும் மலை ஏறும். என்னுது கோப்பையால மொள்ளுது. அதப் போய் மெதுவா சுத்து, ரெண்டாவது கியருல மொனகுன்னு சொன்னா அது பாவம் என்ன செய்யும்? மூச்சு முட்டித்தான் நிக்கும். மொத கியருல போட்டு, நல்லா அமத்தி, கத்தக் கத்தச் சுத்த விடணும். சக்கரம் ஒரு சுத்துச் சுத்துறதுக்குள்ள எஞ்சின் பல சுத்துச் சுத்திரும்ல?”

“மேல போகப் போகக் காத்தும் மெலிசு,” என்றேன் நான், என் பங்குக்கு. “ஒவ்வொரு கோப்பைக்கும் கொஞ்சம் கொறச்சலாத்தான் கெடைக்கும். இன்னும் அதிகமாச் சுத்தணும்.”

தம்பையா அண்ணனுக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை. கோயிலைக் காட்டினார். “முனி முன்னால எஞ்சினக் கத்த வைப்பியா? எந்தக் காலத்துல யாரு செஞ்சிருக்கா? எஞ்சினும் வெடிச்சிரும், சாமியும் கோவிச்சுக்கும்.” கயிற்றைக் கீழே போடாமலே நின்றார்.

நிரோஜா அப்போதே முயன்றாள். முதல் கியர். கார் புறப்பட்டது. எஞ்சின் குரலை உயர்த்தியது. “விடுங்க, கத்தட்டும்!” என்றேன் நான். ஆனால் மரத்தடியைக் கடக்கும்போது அவள் வலது கால் தானாகவே தூக்கிக்கொண்டது, கை தானாகவே இரண்டாவது கியருக்குப் போனது. உதறல், டொக். நின்றது.

“தலைக்குத் தெரிஞ்சிருச்சு டீச்சர். காலுக்குத் தெரியல,” என்றாள், நெற்றியை ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டு. எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த ஏத்தத்தையே பெயர்த்தெறிந்திருப்பேன்.

வெள்ளிக்கிழமை வகுப்பு முடிந்த கையோடு நான் கீழே இறங்கினேன். முனியாண்டி கோயிலடியில் நாற்காலி வந்து சேர்ந்திருந்தது. நாலு பேர் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு நின்றார்கள். நல்ல மனிதர்கள். தங்கள் வேலையை விட்டுவிட்டு வந்தவர்கள். தம்பையா அண்ணனும் லொறியை ஓரமாக விட்டுவிட்டு, கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றார்.

நீலக் கார் மெல்ல வந்து நின்றது. முன் சீட்டைப் பின்னுக்குச் சாய்த்து, காலை நீட்டித் தலையணைகளுக்கு நடுவே ரெங்கம்மா. பின்னால் கிரிஷாந்தன். ரெங்கம்மா முதலில் பார்த்தது நாற்காலியைத்தான். முகம் சுண்டிப்போனது.

“அத ஏன்டி கொண்டாந்தாங்க?”

“வேணும்னா இருக்கட்டும்னு கொண்டாந்திருக்காங்கம்மா. வேணாம்.”

நிரோஜா இறங்கினாள். கிரிஷாந்தனும் இறங்கப் பார்த்தான், பாரத்தைக் குறைக்க. “நீ எங்க போற? உக்காரு. ஒன் கிலோக் கணக்கு இன்னையோட ஒழியட்டும்,” என்றாள். என் பக்கம் திரும்பினாள். “டீச்சர், நீங்களும் ஏறுங்க. நீங்க பக்கத்துல கத்தலன்னா என் காலு பழைய புத்திக்குப் போயிரும்.”

கிரிஷாந்தன் என்னை ஒரு மூட்டை மரக்கறியைப் பார்ப்பதுபோல் ஏற இறங்கப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டான். நான் ஏறி உட்கார்ந்தேன்.

அவள் சூடம் கொளுத்தினாள். கும்பிட்டாள். பிறகு எல்லார் காதிலும் விழும்படி முனியிடமே பேசினாள். “சாமி, இன்னைக்குக் கொஞ்சம் சத்தமாத்தான் போவேன். மரியாதை இல்லாம இல்ல. என் வண்டிக்கு மூச்சு சின்னது. அப்பாவ இங்கதான் எறக்கி வெச்சாங்க, நீங்க பார்த்துக்கிட்டுதான் இருந்தீங்க. அம்மாவ நான் எறக்கமாட்டேன்.” யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். தம்பையா அண்ணன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

முதல் கியர். ஹேண்ட் பிரேக்கை விடுவதற்கு முன்பே அவள் எஞ்சினை உயர்த்தினாள். கார் பாய்ந்தது. மரத்தடியைக் கடக்கும்போது எஞ்சின் கத்தியது பாருங்கள், வேலில் கட்டியிருந்த மணிகூட அதிர்ந்திருக்கும்! நான் அவள் தோளுக்குப் பின்னால் குனிந்து, “கத்தட்டும்! கத்தட்டும்!” என்றேன். முதல் வளைவு வந்தது. இத்தனை நாள் நின்றுபோன இடம், கல் வைத்த தடம் இன்னும் இருந்தது. கார் அதைத் தாண்டியது! கிரிஷாந்தன் “ஐயோ தாண்டிருச்சு!” என்று அலறினான். நான் அவன் முதுகில் அறைந்தேன். தேயிலைக்குள் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். ஒருத்தி முக்காட்டுத் துண்டை அவிழ்த்து ஆட்டினாள்.

இரண்டாவது வளைவு, மூன்றாவது வளைவு. எஞ்சின் சத்தம் காதைப் பிளந்தது. சூட்டைக் காட்டுகிற முள் கொஞ்சம் மேலே நகர்ந்தது. கடைசி வளைவு இருப்பதிலேயே செங்குத்து. அங்கே கார் இழுக்க இழுக்க, அந்தக் கத்தல் அழுகையாக மாறியது போல் எனக்கே தோன்றியது. நிரோஜாவின் கை கியரை நோக்கிப் போனதைப் பார்த்தேன். “வேணாம்டி!” என்று கத்தினேன். அதுவரை அவளை நான் அப்படி அழைத்ததே இல்லை. அவள் காதில் விழவில்லை. விரல்கள் கியரைப் பிடித்துவிட்டன.

அந்தக் கையின் மேல் ரெங்கம்மா தன் கையை வைத்தார்.

“விடுடி. கத்தட்டும். ஒன்னையப் பெத்தப்ப நானும் கத்தித்தான் பெத்தேன்.”

நிரோஜாவின் கை விலகியது. கால் அடி வரைக்கும் அமுங்கியது. கன்னுக்குட்டி தன் மூன்று சின்னச் சிலிண்டர்களாலும் மலைக் காற்றையெல்லாம் மொண்டு மொண்டு குடித்துக்கொண்டு, அழுதுகொண்டு, ஏறிக்கொண்டே போனது. சட்டென்று எதிரே வானம் போய் லயத்துக் கூரைகள் தெரிந்தன. பாதை சமமானது. அவள் காலைத் தூக்கினாள். சத்தம் இறங்கியது. அந்த அமைதியில் எங்கள் நாலு பேரின் மூச்சும் கேட்டது.

பிறகுதான் கூச்சல். என் பிள்ளைகள் காருக்கு இரண்டு பக்கமும் ஓடி வந்தார்கள். கார் லயத்து வாசலில், கதவுக்கு நேராகப் போய் நின்றது. நிரோஜா இறங்கவில்லை. ஸ்டியரிங்கைக் கட்டிக்கொண்டு விம்மி விம்மி அழுதாள். நானும் அழுதேன், சொல்ல வெட்கமில்லை. கிரிஷாந்தன் கைபேசியை எடுத்துக்கொண்டு ஓரமாகப் போனான். “புஹாரி நானா, வண்டி விக்கிறதுக்கில்ல... இல்ல, வெல கூட்டிக் கேக்கல நானா, விக்கிறதுக்கே இல்ல,” என்று அவன் சொன்னது கேட்டது.

கொஞ்ச நேரத்தில் கோயிலடியில் நின்ற நாலு பேரும் மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க வந்து சேர்ந்தார்கள், வெறும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு. பின்னாலேயே லொறியில் தம்பையா அண்ணன். அவர் காரிடம் போய், பானட்டின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். சுட்டது. ஆனால் எடுக்கவில்லை.

“வெடிக்கல,” என்றார். “கீழ நின்னு கடைசி வரைக்கும் கேட்டுக்கிட்டு இருந்தேன் புள்ள. அது வலியில கத்துன சத்தம் இல்ல. எனக்குச் சத்தத்துல வித்தியாசம் தெரியும்.”

நாற்காலிக்காரர்கள் அதைக் கோயில் மண்டபத்துக்குத் திரும்பக் கொண்டுபோகத் தூக்கினார்கள். ரெங்கம்மா காருக்குள்ளிருந்து கையை நீட்டித் தடுத்தார். “அத இங்க கொண்டாங்க. வாசல்ல போடுங்க.” எல்லாரும் திகைத்துப் பார்த்தார்கள். நானும் கிரிஷாந்தனும் அவரைத் தாங்கிப் பிடித்தோம். அவர் மெல்ல இறங்கி, தன் வீட்டு வாசலில், சமதரையில், அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். கால் நீட்ட நிரோஜா ஒரு முக்காலி கொண்டுவந்து வைத்தாள். ரெங்கம்மா நாற்காலியின் கையைத் தடவினார். அதே கையைத்தான் அவர் புருஷனும் கடைசியாகப் பிடித்திருந்தார்.

“மொத வண்டிக்குத் தண்ணி ஊத்துடி. பெறகு எல்லாருக்கும் தேத்தண்ணி,” என்றார். பிறகு தம்பையா அண்ணனைப் பார்த்தார். “இந்த மூங்கில அவுத்துருங்க தம்பி. இனிமே இது வெறும் நாக்காலிதான்.”

தம்பையா அண்ணன் கயிற்றைக் கீழே போட்டுவிட்டு, குனிந்து கட்டை அவிழ்த்தார்.